இறுக்கினால் அடங்குமா?
இன்ஜின் மவுண்டிங்கில் பாலியூரிதேன் நிரப்பும் பழக்கம் பற்றி ஓர் ஆய்வு

பத்து வருடம் ஓடிய காரில் கிளட்சை விட்டதும் முன்பக்கம் 'டங்' என்று ஒரு தட்டு கேட்கத் தொடங்கும். சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் உதறும். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது கியர் லீவர் தானாக ஒரு அங்குலம் ஆடும். பட்டறைக்குக் கொண்டுபோனால், "மவுண்டிங் போயிடுச்சுண்ணே" என்பார் மெக்கானிக். அங்கே இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று, புது மவுண்டிங் வாங்கிப் போடுவது. இன்னொன்று, பழைய மவுண்டிங்கைக் கழற்றி, அதன் ரப்பருக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் பாலியூரிதேனை ஊற்றி இறுகவைத்து மீண்டும் மாட்டுவது. இரண்டாவது வழியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம், செலவும் குறைவு, ரப்பரைவிட நீடித்து உழைக்கும் என்பது அதை ஆதரிப்பவர்களின் வாதம். அந்த வாதம் தருமபுரி மாவட்டத்தின் சாலைகளுக்கும், இங்கே ஓடும் வண்டிகளுக்கும் எவ்வளவு பொருந்தும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மவுண்டிங் எதற்கு?

தலைக்கும் சுமைக்கும் நடுவே இருக்கும் சும்மாடு செய்யும் வேலையைத்தான் இன்ஜினுக்கும் காரின் உடலுக்கும் நடுவே மவுண்டிங் செய்கிறது. எடையைத் தாங்க வேண்டும்; அதே சமயம் இன்ஜினின் நடுக்கம் உடலுக்கு ஏறாமல் தடுக்கவும் வேண்டும். முதல் வேலைக்கு விறைப்பு தேவை, இரண்டாவதற்கு நெகிழ்வு தேவை. இந்த முரண்பாட்டைச் சமாளிப்பதே மவுண்டிங்கை வடிவமைப்பவரின் தொழில்.

தொடக்க காலக் கார்களில் இன்ஜினை நேரடியாகச் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கினார்கள். நான்கு சிலிண்டர் இன்ஜின் உதறினால் கார் முழுவதும் உதறியது. 1931இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் கார்களில் இன்ஜினை ரப்பர் தாங்கிகளில் மிதக்கவிட்டது. இன்ஜின் தன் எடை மையத்தின் வழியே செல்லும் அச்சைச் சுற்றிச் சற்று ஆடிக்கொள்ளலாம். ஆட்டம் உடலுக்கு ஏறாது. அந்த உரிமையை பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் வாங்கி, நீரில் மிதக்கும் அன்னத்தைத் தன் கார்களின் முகப்பில் அடையாளமாகப் பொறித்தது. இன்ஜின் ஆடவேண்டும் என்பதையே விற்பனைச் சிறப்பாகச் சொன்ன காலம் அது.

இந்தியாவில் நிலைமையை மாற்றியது 1983இல் வந்த மாருதி 800. இன்ஜின் குறுக்குவாட்டில் கிடக்க, முன்சக்கரங்களே வண்டியை இழுத்தன. இந்த அமைப்பில் மவுண்டிங்குக்கு ஒரு புதுச் சுமை சேர்ந்தது. இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே கட்டாக இருப்பதால், சக்கரத்தைச் சுழற்றும் முழு முறுக்குவிசைக்கும் எதிர்விசையை மவுண்டிங்குகளே தாங்கவேண்டும். 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் சிறு காரில் முதல் கியர் விகிதம் 3.5, இறுதி விகிதம் 4 என்று வைத்துக்கொண்டால், அந்தக் கட்டைப் பின்னோக்கிப் புரட்டும் முறுக்குவிசை 1400 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு மவுண்டிங் அதைத் தனியே தாங்கவேண்டி வந்தால், அதன்மேல் ஏறக்குறைய 285 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு விழும். கிளட்சை விட்டதும் கேட்கும் 'டங்' இந்த இழுப்பின் சத்தம்தான்.

இந்தச் சுமைக்காகவே பல கார்களில் எடை தாங்க இடது, வலது மவுண்டிங்குகளும், புரள்வதைத் தடுக்கக் கீழே 'டார்க் ராட்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் ஒரு சிறு கையும் தனித்தனியாக வைக்கப்பட்டிருக்கின்றன. நிரப்பலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். பின்னால் அதற்கு வருவோம்.

இடைவெளி வீணாக விடப்பட்டதல்ல

மவுண்டிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் நடுவே ஓர் உலோகக் குழாய், சுற்றிலும் ரப்பர் கைகள், அவற்றுக்கு இடையே காலி இடங்கள் தெரியும். ரப்பரை மிச்சப்படுத்த விட்ட ஓட்டை என்று தோன்றும். உண்மையில் அந்தக் காலி இடத்தில்தான் வடிவமைப்பே இருக்கிறது. வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் அது சிறிதாக ஆடும்போது மெல்லிய ரப்பர் கைகள் மட்டும் வளைகின்றன. மவுண்டிங் மெத்தென்று நடந்துகொள்கிறது. முதல் கியரில் இழுக்கும்போது நடுக்குழாய் நகர்ந்து இடைவெளியைக் கடந்து எதிர்ப்புறத் தடித்த ரப்பரில் முட்டுகிறது. அந்தக் கணத்தில் மவுண்டிங் விறைத்துக்கொள்கிறது. ஒரே பொருள் இரண்டு குணம் காட்டுவது இப்படித்தான்.

அந்த இடைவெளியை நிரப்பிவிட்டால் முதல் குணம் போய்விடும். ரப்பரும் பாலியூரிதேனும் வளையும், நீளும். ஆனால் நாலாபுறமும் அடைபட்ட நிலையில் அவற்றை அழுத்திச் சுருக்க முடியாது. பிதுங்குவதற்கு இடம் இருக்கும்வரைதான் அவை மென்மையாகத் தெரியும். அதனால் கடினத்தன்மை குறைந்த பொருளையே ஊற்றினாலும் விறைப்பு நாம் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூடும். மென்மையான ரகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில்தான் பொய்க்கிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கும் இன்ஜினுக்கு ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. விளக்கத்துக்கு அதை 10 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். இன்ஜினின் நடுக்கம் இந்த எண்ணைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் மவுண்டிங் அதை வடிகட்டும். அதற்குக் கீழே வந்தால் கூட்டிக் கொடுக்கும். இரண்டும் சமமானால் ஒத்ததிர்வு. உதறல் உச்சத்துக்குப் போகும்.

நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐடிலிங் ஆகும்போது, ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு வீதம் நடுக்கம் 26.7 ஹெர்ட்ஸ். இதில் ஆறில் ஒரு பங்குதான் உடலுக்கு ஏறும். மூன்று சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை வெடிப்பு; நடுக்கம் 20 ஹெர்ட்ஸ். மூன்றில் ஒரு பங்கு ஏறும்.

இப்போது நிரப்பியதால் விறைப்பு இரண்டு மடங்கு ஆனது என்று வைத்துக்கொள்வோம். இயல்பு அதிர்வெண் 14.1 ஹெர்ட்ஸுக்குப் போகிறது. நான்கு சிலிண்டர் காரில் ஆறில் ஒன்றாக இருந்தது ஐந்தில் இரண்டாகும். உதறல் கூடியது தெரியும், பொறுத்துக்கொள்ளலாம். மூன்று சிலிண்டர் காரிலோ மூன்றில் ஒன்றாக இருந்தது முழுதாக ஒன்றாகிவிடும். அதாவது மவுண்டிங் இருந்தும் இல்லாததுபோல. விறைப்பு நான்கு மடங்கானால் இயல்பு அதிர்வெண் 20 ஹெர்ட்ஸ். மூன்று சிலிண்டர் காரின் ஐடிலிங்கும் அதே 20 ஹெர்ட்ஸ். நேராக ஒத்ததிர்வில் போய் உட்காரும். ஆட்டத்தை மெல்ல அடக்கும் தணிப்பு என்ற குணத்தை இந்தக் கணக்கில் விட்டுவிட்டோம்; அதைச் சேர்த்தால் உச்சம் கொஞ்சம் மழுங்கும், போக்கு மாறாது.

வேகம் எடுத்துவிட்டால் கதை வேறு. மூன்று சிலிண்டர் இன்ஜின் 2000 சுற்றில் ஓடும்போது நடுக்கம் 50 ஹெர்ட்ஸ். ஒரிஜினல் மவுண்டிங் அதில் 4 சதவீதத்தை ஏற்றும். விறைப்பு இரட்டித்தது 9 சதவீதத்தை ஏற்றும். வித்தியாசம் உண்டு, ஆனால் ஓட்டுபவர் பெரிதாக உணரமாட்டார். நிரப்பியவர்கள் பலர் "ஓடும்போது ஒண்ணும் தெரியல, நின்னாத்தான் உதறுது" என்று சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. ஏசி போட்டு, ஹெட்லைட் எரிய, நெரிசலில் நிற்கும் கார்தான் நிரப்பலுக்கு முழு விலை கொடுக்கிறது.

தருமபுரியில் என்ன ஓடுகிறது?

பந்தயக் காருக்கு இந்தக் கவலை இல்லை. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலோ, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஓடும் வண்டி ஐடிலிங்கில் நிற்பதே அரிது. வளைவில் இன்ஜின் ஆடினால் கியர் இணைப்பும் சேர்ந்து ஆடும்; கியர் தவறினால் பந்தயம் போய்விடும். அங்கே விறைத்த மவுண்டிங் நியாயமான தேர்வு. பாலியூரிதேன் நிரப்பும் பழக்கமே அந்த உலகத்திலிருந்து வந்ததுதான்.

தருமபுரியில் சாதாரணமாகக் கண்ணில் படும் சிறு கார்களில் ஆல்டோவும், 1.0 லிட்டர் வேகன்ஆரும், க்விட்டும், டியாகோவும் மூன்று சிலிண்டர் வண்டிகள். நீண்ட காலம் நான்கு சிலிண்டரில் வந்த ஸ்விஃப்ட் 2024இல் மூன்றுக்கு இறங்கியது. மேலே போட்ட கணக்கில் அடிபடும் கூட்டம் இங்கே பெருகிக்கொண்டுதான் இருக்கிறது.

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுக்குப் பெட்டி ஏற்றிவரும், குட்டியானை எனப்படும் சிறு சுமை வண்டிகளைப் பாருங்கள். 2005இல் வந்த டாடா ஏஸின் 702 சிசி டீசல் இன்ஜினுக்கு இரண்டே சிலிண்டர். அதே 800 சுற்று என்று வைத்தால் நடுக்கம் 13.3 ஹெர்ட்ஸ். 10 ஹெர்ட்ஸ் மவுண்டிங்கே இதை வடிகட்ட முடியாது. உண்மையில் சற்றுக் கூட்டியே கொடுக்கும். விறைப்பை இரட்டித்தால் 14.1 ஹெர்ட்ஸ், ஏறக்குறைய ஒத்ததிர்வு. சுமை வண்டிதானே, உதறினால் என்ன என்று கேட்கலாம். உதறல் ஓட்டுநரின் இடுப்போடு நிற்காது. பிராக்கெட் வெல்டிங், ரேடியேட்டர் ஹோஸ், சைலன்சர் பைப், மின்வயர் இணைப்பு என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போகும். ரப்பர் உறிஞ்சிக்கொண்டிருந்த உழைப்பை இனி இரும்பும் அலுமினியமும் உறிஞ்சவேண்டும். அவை களைத்தால் விரிசல் விடும். பழைய முறையில் கிழிந்தது ஒரு ரப்பர். புது முறையில் உடைவது உடலோடு சேர்ந்த பிராக்கெட்.

சாலைகளின் பங்கும் உண்டு. பெங்களூரிலிருந்து சேலம் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொப்பூர் கணவாயில் சரிகிறது. நியூட்ரலில் இறக்காமல் கியரிலேயே இறங்குவதுதான் அங்கே உயிர் காக்கும் முறை. அப்படி இறங்கும்போது சக்கரம் இன்ஜினைத் தள்ள, மவுண்டிங்மீது விழும் விசை தலைகீழாகிறது. ஏறும்போது பின்னால் சாய்ந்த இன்ஜின் இறங்கும்போது முன்னால் சாய்கிறது. பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகும் இறக்கத்திலும், வத்தல்மலை கொண்டை ஊசி வளைவுகளிலும் இதே கதைதான். எனவே புரள்வதைத் தடுக்கும் மவுண்டிங் இங்கே சீக்கிரம் தளர்வது இயல்பு. மலைப்பாதைக்காரருக்குக் கொஞ்சம் கூடுதல் விறைப்பு வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. எந்த மவுண்டிங்கில் என்பதுதான் கேள்வி.

எதை ஊற்றுகிறார்கள்?

பாலியூரிதேன் 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயர் என்பவரின் குழு உருவாக்கிய பொருள். செருப்பு அடிப்பாகம் முதல் மெத்தை வரை அதற்குப் பல உருவங்கள். மவுண்டிங் நிரப்ப மூன்று உருவங்களைக் கையில் எடுக்கிறார்கள்.

முதலாவது, கதவு நிலையைச் சுற்றி அடைக்கும் ஸ்ப்ரே ஃபோம். இது முழுத் தவறு. உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைந்த இந்தப் பொருள் சில நாள் குலுங்கலிலேயே பொடியாக உதிரும்.

இரண்டாவது, முன்கண்ணாடி ஒட்டும் ஒற்றைக்கூறு பசை. குழாயில் வரும், கலக்க வேண்டியதில்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இது இறுகும். முதல் நாளில் 3, 4 மில்லிமீட்டர் ஆழம் இறுகும். மேல்தோல் தடிக்கத் தடிக்க ஈரம் உள்ளே போவது மெதுவாகும். ஆழம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. 30 மில்லிமீட்டர் தடிமனுள்ள நிரப்பல் இருபுறமும் திறந்திருந்தால் நடுப்பகுதி இறுக இரண்டரை வாரம் போல ஆகும். அடியில் டேப் ஒட்டி ஒருபுறத்தை மூடிவிட்டால் இரண்டு மாதத்துக்கு மேல். மார்ச், ஏப்ரலின் காய்ந்த காற்றில் இன்னும் இழுக்கும். மறுநாளே மாட்டி ஓட்டியவர்கள் உள்ளே பச்சைப் பசையோடுதான் ஓட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது, இரண்டு திரவங்களை எடை பார்த்துக் கலந்து ஊற்றும் வார்ப்பு ரகம். முறையான பொருள் இதுவே. ஷோர் ஏ அளவுகோலில் 60, 80, 90க்கு மேல் என்று கடினத்தன்மை தேர்ந்தெடுக்கலாம். கார் மவுண்டிங் ரப்பர் பெரும்பாலும் 45 முதல் 60க்குள் இருக்கும் என்பதை நினைவில் வைத்தால், 80க்கு மேல் போவது ஊர்க் காருக்கு எவ்வளவு மிகை என்பது புரியும். அச்சிலோ பாத்திரத்திலோ துளி ஈரம் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு குமிழ்விட்டு வார்ப்பு பஞ்சாகிவிடும்.

இந்தப் பொருளுக்கு ஓர் உண்மையான சாதகம் உண்டு: எண்ணெயை ரப்பரைவிட நன்றாகத் தாங்கும். ஆயில் கசியும் பழைய இன்ஜினில் இயற்கை ரப்பர் ஊறி, உப்பி, பிய்ந்துபோகும். இயற்கை ரப்பரின் சாதகமோ வேறு. நன்றாக இழுபடும்போது அதன் உள்ளமைப்பு படிகமாக ஒழுங்காகி, விரிசல் பரவாமல் தடுத்துக்கொள்கிறது. கன்னியாகுமரித் தோட்டங்களில் பால்வடியும் அந்த மரத்தின் சரக்கை மவுண்டிங் செய்பவர்கள் இன்றும் விடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் செய்யும்போது

திரவக் கூறுகளில் ஒன்று ஐசோசயனேட். அதன் ஆவியை மூச்சில் இழுத்தவர்களில் சிலருக்கு ஒவ்வாமை ஆஸ்துமா வரும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவும் தாக்கும். மூடிய ஷெட்டில், வெறுங்கையால், குழந்தைகள் பக்கத்தில் இருக்கச் செய்யும் வேலை இல்லை இது. இன்னொன்று: பழைய ரப்பர் புஷ்ஷைக் கழற்ற டார்ச் வைத்து எரிக்கும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. பாலியூரிதேன் நிரப்பிய மவுண்டிங்கை அப்படி எரித்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வெளியேறும். அடுத்துக் கழற்றப்போகும் மெக்கானிக்கிடம் 'இது நிரப்பியது' என்று சொல்லிவிடுவது கடமை.

ரப்பரைச் சுத்தம் செய்ய பெட்ரோல் ஆகாது. ரப்பர் அதைக் குடித்து உப்பும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். கிழிந்த ரப்பரையும் உலோகத்திலிருந்து உரிந்த ரப்பரையும் நிரப்பல் ஒட்டவைக்காது. கிழிசலை மறைக்க மட்டுமே செய்யும். உள்ளே திரவம் அடைத்த ஹைட்ராலிக் மவுண்டிங்கை ஓட்டை போட்டு நிரப்புவது, அதன் உயிரான தணிப்பையே வெளியே வடித்துவிடும் வேலை.

இவற்றைவிட அதிகம் கவனிக்கப்படாத தவறு ஒன்று உண்டு. காரில் இருக்கும்போது இன்ஜின் எடையில் மவுண்டிங்கின் நடுக்குழாய் சற்றுக் கீழே இறங்கி, இடைவெளிக்கு நடுவில் நிற்கும். கழற்றி மேசைமேல் வைத்தால் அது மேலே எழும்பிவிடும். எழும்பிய நிலையில் ஊற்றி இறுகவைத்தால், திரும்ப மாட்டும்போது இன்ஜின் பழைய உயரத்துக்கு இறங்காது. ஆக்சில் கோணமும் சைலன்சர் பைப்பும் இழுபடும். எடை தாங்கும் மவுண்டிங்குகளை வீட்டில் நிரப்பக்கூடாது என்பதற்கு இதுவே வலுவான காரணம். டார்க் ராட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது எடையைத் தாங்குவதில்லை. சும்மா நிற்கும்போது அதன்மேல் விசை குறைவு. மலைப்பாதையில் வேண்டிய விறைப்போ அங்கேதான் வேண்டும்.

வரிசை

எனவே ஒரு வரிசையைப் பின்பற்றுவது நல்லது. முதலில் உதறல் மவுண்டிங்கால்தானா என்று பார்க்க வேண்டும். அழுக்கேறிய த்ராட்டில், தேய்ந்த ஸ்பார்க் பிளக், சரியாகப் பீய்ச்சாத இன்ஜெக்டர், எரிந்த கிளட்ச் எல்லாமே இதே அறிகுறி காட்டும். ஒரு சிலிண்டர் அடிக்காத இன்ஜினை எந்த மவுண்டிங்காலும் அடக்க முடியாது. அடுத்து, மவுண்டிங் போல்ட்டுகளைத் தளர்த்தி, இன்ஜினைத் தன் இடத்தில் உட்காரவிட்டு, சொன்ன அளவுக்கு மறுபடி முடுக்க வேண்டும். கோணலாக முடுக்கிய மவுண்டிங் கொடுக்கும் உதறல் அதிலேயே போய்விடும். ரப்பர் கிழிந்திருந்தால் கம்பெனி பார்ட் போடுவதே தீர்வு. கடையில் டூப்ளிகேட் மலிவாகக் கிடைக்கலாம். ரப்பரின் தரமும் இடைவெளியின் அளவும் மாறினால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் மாறும் என்பதை நினைத்து வாங்க வேண்டும். உத்தரவாதக் காலத்தில் உள்ள காரை இதற்காகக் கழற்றவே கூடாது.

இவ்வளவும் செய்த பிறகும் தொப்பூர் ஏற்றத்தில் இன்ஜின் புரள்கிறது, நான்கு சிலிண்டர் கார், டார்க் ராட் ரப்பர் கிழியாமல் இருக்கிறது என்றால், அந்த ஒன்றை மட்டும் 60 ஷோர் அளவில் நிரப்பிப் பார்க்கலாம். மூன்று சிலிண்டர் காரில் புது டார்க் ராட்டே போதும். இரண்டு சிலிண்டர் சுமை வண்டியில் எதையும் நிரப்ப வேண்டாம். சிக்கனம் என்று தொடங்கும் வேலை சிக்கனமாகவே முடியவேண்டும் என்றால், எந்தப் பசை நல்லது என்று விசாரிப்பதற்கு முன் பானட்டைத் திறந்து எத்தனை சிலிண்டர், எந்த மவுண்டிங் என்று பார்ப்பதே முதல் வேலை.